எட்டு வளைவுக் காசும் கண்டக்டர் காசியும்

எழுபத்தைந்தாம் வருஷ வாக்கில், திருவண்ணாமலையிலிருந்து செங்கம் சாலையில் ஓடிய அப்பாதுரை பஸ்ஸில் ஏறியவர்கள் டிக்கெட்டோடு ஒரு பலனும் வாங்கிக்கொண்டுதான் இறங்கினார்கள். டிக்கெட்டுக்குக் காசு, பலன் இலவசம். கொடுத்தவன் கண்டக்டர் காசி.

செங்கத்துக்குப் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடும் குடும்பத்தில் பிறந்தவன். முப்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் அவனுடைய எண்ணைக் கூட்டினால் எட்டு வந்தது; அவனும் தோற்றான். கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்காததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தார்கள். காசி ஏற்கவில்லை. எட்டு சனியுடைய எண், சனி பிடித்தவன் எப்படித் தேறுவான் என்று ஒரே பிடியாக நின்றான். அன்றிலிருந்து எண் என்று எதைக் கண்டாலும் கூட்டிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. வீட்டுக் கதவிலக்கம், லாரியின் நம்பர் பலகை, சுவரில் எழுதியிருக்கும் மருந்துக் கம்பெனியின் தபால் பெட்டி எண், எதையும் விடுவதில்லை. அப்படிப்பட்டவனின் தோளில் சில்லறைப் பையை மாட்டிவிட்டால் என்ன ஆகும்?

வண்டி நிரம்பும்வரை பஸ் ஸ்டாண்டில் நிற்கும் நேரத்தில் காசுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் திருப்பிப் பார்ப்பான். ஒருநாள் சிங்க முத்திரையை உற்றுப் பார்த்தவன், டிரைவர் சீட்டுக்கு ஓடினான்.

"பாய், இதுல எத்தினி சிங்கம் தெரியுது?"

டிரைவர் மஸ்தான் பாய் பீடியை எடுக்காமலே, "மூணு" என்றார்.

"சாரநாத்துல இருக்கற தூண்ல நாலு. நாலாவது பின்னாடி ஒளிஞ்சினு இருக்குது. ஏன்னு யோசிச்சீங்களா? நாலு ராகுவோட நம்பர். ராகு கண்ணுல படக்கூடாதுன்னு சர்க்காரே மறைச்சி வச்சிருக்கான்."

"பின்னாடி இருக்கறது முன்னாடி எப்படிடா தெரியும்? உன் முதுகு எனக்குத் தெரியுதா?"

காசி அதைக் காதில் வாங்கவில்லை. பெரிய ரகசியம் ஒன்று தன்னிடம் சிக்கிவிட்ட பூரிப்பில் அன்று முழுக்க வண்டியில் நடனமாடினான். வருஷத்துக்குக் கீழே சில காசுகளில் ஒரு சின்ன நட்சத்திரமும் சிலவற்றில் சீட்டுக்கட்டு டைமன் மாதிரி ஒரு குறியும் இருப்பதைக் கண்டுபிடித்ததும் அந்த வாரமே. அது காசு அடித்த ஊரின் அடையாளம் என்று பாய் சொன்னார். அது அச்சடிக்கிறவனுக்கு, நமக்கு அதுவா முக்கியம் என்றான் காசி. நட்சத்திரக் காசை உழைப்பாளிக்கும் டைமன் காசைப் படிக்கிற பிள்ளைக்கும் பார்த்துப் பார்த்துக் கொடுத்தான். தயிர்க்காரி தங்கம்மாள் தனக்கு நட்சத்திரக் காசு வரவில்லை என்று கோபித்துக்கொண்டு ஒருநாள் இறங்கவே மறுத்துவிட்டாள்.

ரமணாசிரமம் நிறுத்தத்தில் ஒருமுறை வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி ஏறி, பையைத் துழாவி, தன் ஊர்க் காசைத் தவறுதலாக நீட்டினாள். அதற்கு ஏழு பக்கம். காசி விரலால் தடவித் தடவி எண்ணினான். மறுபடி எண்ணினான். ஏழு கேதுவின் எண், கேது ஞானகாரகன், இந்த அம்மா ஆசிரமத்துக்கு வந்திருக்கிறாள் என்றால் இந்தக் காசுதான் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது என்று வண்டிக்கே விளக்கினான். பெண்மணிக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் எல்லோரும் தன்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடவும், அவளும் கும்பிட்டாள். அன்று அவளுக்கு டிக்கெட் எடுத்தது காசியின் சொந்தச் சட்டைப் பை.

இதுவரை யாருக்கும் கெடுதல் இல்லை. வினை வந்தது இரண்டு பைசாவில்.

அலுமினியத்தில் பூப்போல வளைந்து வளைந்து இருக்குமே, அந்தக் காசு. ஒரு மத்தியானம் அதன் வளைவுகளை எண்ணிய காசி அதைச் சட்டென்று கீழே போட்டான். எட்டு. நடுவில் எழுதியிருப்பதோ இரண்டு. இரண்டு சந்திரன், எட்டு சனி. சந்திரனும் சனியும் சேர்ந்தால் புனர்பூ தோஷம், கல்யாணம் தள்ளிக்கொண்டே போகும் என்று அவனுடைய ஊர் ஜோசியர் சொல்லக் கேட்டிருக்கிறான். தனக்கு ஏன் இன்னும் பெண் அமையவில்லை என்பது அந்த நிமிஷம் பளிச்சென்று விளங்கியது. நாளெல்லாம் இடுப்புக்குப் பக்கத்தில் இந்தத் தோஷத்தையல்லவா தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறோம்.

அதைத் தனக்குள் வைத்துக்கொள்ள அவனால் முடியுமா? தங்கம்மாளிடம்தான் முதலில் சொன்னான். அவளுக்கு வயசுக்கு வந்த பெண் ஒருத்தி இருந்தாள். தங்கம்மாள் தயிர் ஊற்றுகிற வீடுகளில் எல்லாம் சொன்னாள். பத்து நாள் போயிருக்கும். செங்கத்தில் வண்டி நிற்கும்போது, முன்பின் தெரியாத ஒரு பெரியவர் காசியையே கூப்பிட்டுக் காதோடு சொன்னார்:

"தம்பி, ரெண்டு பைசா காசைக் கையால தொடாதே. திருவண்ணாமலைல ஒருத்தன் மடியில கட்டிக்கினு இருந்தானாம். மணவறையில உக்காந்த பொண்ணு எழுந்து போயிட்டுதாம். வீட்ல எருமை கூட பால் குடுக்கலியாம்."

தான் கிளப்பிவிட்ட கதை எருமையையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது என்பது காசிக்கு உறைக்கவில்லை. நிஜமாகவே பயந்துபோனான். "எருமை கூடவா?" என்று கேட்டு, பையில் இருந்த இரண்டு பைசாக்களை ஒரு கைக்குட்டையில் முடிந்து தனியாக ஒதுக்கினான்.

அதற்குள் திருவண்ணாமலை டவுனில் பால்காரர், கீரைக்காரி, வெற்றிலைக்கடை என்று ஒருவரும் அந்தக் காசை வாங்குவதில்லை. வாங்கிய ஒரே இடம் கோயில் ராஜகோபுரத்துக்கு வெளியே செருப்பு விடும் கொட்டகை. ஒரு ஜோடிக்கு இரண்டு பைசா. குத்தகை எடுத்திருந்தவர் சடையன். தோஷத்தைக் கழித்த மாதிரியும் ஆயிற்று, செருப்புக்குக் காவல் வைத்த மாதிரியும் ஆயிற்று என்று ஊரே அங்கே கொண்டுபோய்க் கொட்டியது. செருப்பே போடாதவர்கள்கூட வந்து காசை மட்டும் போட்டுவிட்டுப் போனார்கள். சடையனுக்கு முதலில் சந்தோஷம். அரிசி வாங்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது.

அவருக்கு ஒரே மகள், வேதா. அத்தியந்தலில் வீடு. தினமும் காலையில் காசியின் வண்டியில் ஏறி வந்து, கொட்டகையில் அப்பாவுக்குத் துணையாகச் செருப்புக்கு அடையாளத் தகர வில்லை கொடுப்பாள். அதிகம் பேச மாட்டாள். ஆனால் காசி பலன் சொல்லும்போதெல்லாம் சன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். அவள் கும்பிடுகிறாள் என்று நினைத்திருந்தான் அவன்.

ஐப்பசியில் ஒரு காலை அவள் ஏறியதும் மடியில் இருந்த துணிப்பையைத் திறந்து, பத்து இரண்டு பைசாக்களை எடுத்து நீட்டினாள். காசி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"வேற சில்லறை இல்லியாம்மா?"

"இல்லீங்க. எங்க வூட்ல இப்ப இது மட்டுந்தான் இருக்குது."

"இது... இதை நான் வாங்கறதில்லம்மா."

"தெரியும். வாங்காதேன்னு ஊருக்குச் சொன்னதே நீங்கதானே?" அவள் குரலை உயர்த்தவில்லை. வண்டியே அமைதியாகிவிட்டதால் எல்லோருக்கும் கேட்டது. "நேத்து என்னைப் பொண்ணு பாக்க வேட்டவலத்துலேர்ந்து வரதா இருந்தாங்க. வூடு நிறைய ரெண்டு பைசா வச்சிருக்கற எடத்துல சம்பந்தம் வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அந்த மாப்பிள்ளை போனதுல எனக்கு ஒண்ணும் கம்மியில்ல. ஆனா எங்க நைனாவுக்குச் சோறு எறங்கல. அதுக்கு உங்க கணக்குல இன்னா பலன் இருக்குதுன்னு சொல்லுங்க."

 மஸ்தான் பாய் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

"காசி, அதுல சர்க்கார் முத்திரை இருக்குது. வாங்கிக்க. இல்லன்னா நீ எறங்கி நடந்து வா."

வாங்கினான். உள்ளங்கையில் எட்டெட்டு வளைவுகளாகக் குத்தியபோது அவனுக்கு வியர்த்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த வியர்வையில் பாதி காசால் வந்தது இல்லை. அவ்வளவு நேராகத் தன் கண்ணைப் பார்த்து எந்தப் பெண்ணும் அதுவரை பேசியதில்லை.

அதன் பிறகு வேதா தினமும் அப்படியே கொடுத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தங்களிடம் கிடந்ததைக் கொண்டுவந்தார்கள். திருப்பிக் கொடுத்தால் வாங்குவார் இல்லை. பை கனத்தது. முதலாளி அப்பாதுரை கூப்பிட்டு அனுப்பினார்.

"நீ கட்டுன கதைதானே? நீயே அவிழ்த்துடு. இல்லன்னா சில்லறைப் பையை மேசைமேல வச்சிட்டுப் போ."

மறுநாள் முதல் நடையிலேயே காசி நடுவில் நின்று, தான் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டதாகவும் இரண்டு பைசாவில் ஒரு தோஷமும் இல்லை என்றும் உரக்கச் சொன்னான். பயணிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாவம், யாரோ மிரட்டிட்டாங்க" என்றாள் தங்கம்மாள்.

"பாத்தியா, அந்தக் காசைத் தொட்டான், புத்தியே மாறிடுச்சி" என்றார் பின்சீட்டுக்காரர்.

பயம் இரண்டு மடங்கானது. டவுனில் இறங்கும்போது எல்லோருக்கும் கடைசியாக வேதா வந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பை அடக்குகிற முகம் அது என்று காசிக்கு அன்றுதான் தெரிந்தது.

"இல்லன்னு சொன்னா யாருங்க கேப்பாங்க? இருக்குன்னு சொன்னாதான் கேப்பாங்க. எட்டுன்னா சனி ஒருத்தர்தானா உங்களுக்கு? மலையைச் சுத்தி எத்தினி லிங்கம் இருக்குது?"

காசி வாயைத் திறந்தபடி நின்றான். இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசானிய லிங்கத்தில் முடிகிற அஷ்ட லிங்கம். தினமும் அந்தப் பாதையில் பாதியை வண்டியில் கடந்து போகிறான், ஒருநாளும் எண்ணியதில்லை. வளைவுக்கு ஒரு லிங்கம். எட்டு மூலைக்கும் எட்டுக் காவல். நடுவில் இருக்கிற இரண்டு? அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும். அவனுக்குத் தலை கிறுகிறுத்தது. பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்க, வில்லுவண்டி மாடு மாதிரி ஒரு துள்ளுத் துள்ளினான்.

"சொன்னா மட்டும் போதாது, நீங்க முன்னாடி நடக்கணும்" என்றாள் வேதா. "பயந்தவரே போறாருன்னா மத்தவங்க வருவாங்க."

கார்த்திகை பிறந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, எட்டு இரண்டு பைசாக்களை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு காசி கிரிவலம் கிளம்பினான். பின்னால் தங்கம்மாள், அவளுடைய மகள், பின்சீட்டுக்காரர், அவன் பெயரே அறியாத இன்னும் முப்பது நாற்பது பேர். கொஞ்சம் தள்ளி வேதாவும் சடையனும். சடையன், செருப்புக் கொட்டகைக்காரர், அன்றைக்கு வெறுங்காலோடு நடந்தார்.

இந்திர லிங்கத்தில் முதல் காசைக் காசி கண்ணை இறுக மூடிக்கொண்டு வைத்தான். அக்கினி லிங்கத்தில் ஒரு கண்ணைத் திறந்துகொண்டான். செங்கம் சாலையில் எம லிங்கத்தின் வாசலில் குனிந்து மூன்றாவதை வைக்கிற சமயம், முதுகுக்குப் பின்னால் காது கிழிய ஒரு சத்தம். காசி, "ஐயோ, வந்துட்டான்" என்று தரையில் விழுந்தான். எமன் வரவில்லை. மஸ்தான் பாய்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு போகிற போக்கில் ஹாரன் அடித்து, சன்னல் வழியாகக் கையை அசைத்துவிட்டுப் போனார். முதலில் சிரித்தது தங்கம்மாளின் மகள். அப்புறம் சிரிக்காதவர் பாக்கியில்லை. விழுந்து கிடந்த காசியும் எழுந்திருக்க முடியாமல் சிரித்தான். அதற்குமேல் அது தோஷம் கழிக்கப் போகிற கூட்டமாக இல்லை, கல்யாணத்துக்குப் போகிற கூட்டமாக ஆகிவிட்டது. நிருதி, வருணன், வாயு என்று ஒவ்வொரு இடத்திலும் யார் காசு வைப்பது என்று போட்டி. குபேர லிங்கத்தில் கூட்டம் நெருக்கியதில் காசியும் வேதாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க நேர்ந்தது. அவன் காசை வைத்தான். அவள் தன் முந்தானையில் இருந்து ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். 

அடுத்த புதன்கிழமையே தங்கம்மாளின் மகளைப் போளூரிலிருந்து வந்து பார்த்துப் பூ வைத்துவிட்டார்கள். அது ஐந்தாறு மாதமாகப் பேச்சில் இருந்த சம்பந்தம்தான். ஆனால் தயிர் ஊற்றிய வீடுகளில் தங்கம்மாள் அந்த ஐந்தாறு மாதத்தைச் சொல்லவில்லை.

கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் சேரச் சேர, இரண்டு பைசாவுக்கு ஊரில் அடிதடி. வேலூர், விழுப்புரம், தர்மபுரி என்று எங்கிருந்தோ வந்தவர்கள் எல்லாம் சடையன் கொட்டகைக்கு முன்னால் நின்று, ஐந்து பைசா தருகிறோம், ஒரு எட்டு வளைவுக் காசு கொடுங்கள் என்று கெஞ்சினார்கள். சடையன் கூடுதலாக ஒன்றும் வாங்கவில்லை. இரண்டு பைசாவுக்கு இரண்டு பைசா என்று மாற்றிக் கொடுத்தார். மூட்டைகள் தீர்ந்தன. மலைமேல் தீபம் ஏற்றிய அன்று சாயங்காலம், மீதி கொடுக்க இரண்டு பைசா கிடைக்காமல் காசி வண்டியில் திண்டாடியபோது, பயணிகள் அவனைத் திட்டித் தீர்த்தார்கள். அவனுக்கு அதுகூடச் சுகமாக இருந்தது.

பெண் கேட்டுப் போனவர் மஸ்தான் பாய். காசியின் ஊருக்கும் அத்தியந்தலுக்கும் மாறி மாறி அலைந்து, இரண்டு குடும்பமும் மூன்று தலைமுறைக்கு முன்னால் கொண்டு கொடுத்தவர்கள் என்பதைத் தோண்டி எடுத்துவிட்டார். இரு வீட்டுக்காரர்களுக்குமே அது புதுச் செய்தி.

"பாய், இது நெஜமா?" என்று காசி தனியாகக் கேட்டான்.

"நீ சிங்கம் எண்ணலியா? நான் சொந்தம் எண்ணினேன். போடா."

நிச்சயத்துக்கு முன்னால் வேதா ஒருநாள் வண்டியில் ஏறி, டிக்கெட்டை வாங்கிக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணு சொல்லிடறேன். அப்புறம் மறைச்சிட்டேன்னு சொல்லக்கூடாது. நான் பொறந்தது இருபத்தாறாந் தேதி. கூட்டிப் பாத்துக்கங்க."

காசி கூட்டினான். ஒரு கணம் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிறகு, "பரவால்ல. அதுக்குத்தான் எட்டு எடத்துலயும் சொல்லி வச்சிட்டு வந்தாச்சே" என்றான். வேதா அன்று முந்தானையால் வாயை மூடவில்லை.

தையில் கல்யாணம் நடந்தது. ஊரே இரண்டு பைசாவில் மொய் எழுதப் பார்த்தது. அப்பாதுரை வாசலில் நின்று தடுத்துவிட்டார்.

காசி அதே வண்டியில் தொடர்ந்தான். பலன் சொல்வதை நிறுத்தவில்லை. கெட்ட பலன் மட்டும் சொல்வதில்லை. வேதா அவனைக் கேலி செய்வதையும் நிறுத்தவில்லை. குழந்தை மட்டும் தங்கவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று ஆறு வருஷம் ஓடியது. இரண்டு பைசா செல்லாக் காசு போல மூலையில் ஒதுங்கியது. அதைப் பற்றிக் காசி கவலைப்படவில்லை. வேதா சாயங்காலங்களில் பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் அவனைக் குடைந்தது. எந்தக் காசிலும் அதற்கு அவனிடம் பலன் இருக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வான்.

எண்பத்திரண்டின் கடைசியில் வேதா மறுபடியும் உண்டானாள். இந்தத் தடவை ஐந்தாவது மாதமும் தாண்டியது. அப்போது புதிதாக அலுமினியத்தில் இருபது பைசா வந்திருந்தது, ஆறு பக்கத்தோடு. ஆறுமுகனுடைய காசு என்று காசிக்கு நாக்கு நுனிவரை வந்தது. வீட்டில் சொன்னால் சிரிப்பாளே என்று அடக்கிக்கொண்டான்.

ஒரு ஞாயிறு காலை படுக்கையைச் சுருட்டும்போது அவளுடைய தலையணை உறைக்குள் ஏதோ சலசலத்தது. கையை விட்டான். மஞ்சள் தடவிய ஆறு பக்க இருபது பைசாக்கள் ஆறு, வெள்ளைத் துணியில் முடிந்திருந்தன. வாசலில் கோலம் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்த வேதா, அவன் கையைப் பார்த்து நின்றுவிட்டாள். காது மடல்வரை சிவந்துபோனாள்.

 காசி முடிச்சை எடுத்த இடத்திலேயே வைத்து, தலையணையை இரண்டு தட்டுத் தட்டி ஓரமாக வைத்தான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிக்கணும்னா சிரிச்சிடுங்க" என்றாள் வேதா. "உள்ளயே வச்சிக்கினா வயிறு வலிக்கும்."

அவ்வளவுதான். அவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, போதும், குழந்தை உதைக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பக்கத்து வீட்டு பீபி ஜான் கரண்டியும் கையுமாக ஓடி வந்து, காலங்காத்தால இன்னா ஆச்சு என்று கேட்டபோது, இருவருக்குமே பதில் சொல்ல மூச்சு இல்லை.

ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. சண்முகவடிவு என்று பெயர் வைத்தவள் வேதாதான்.